காதுக் கடையின் ஆறு ஆல்பங்கள்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தாங்களாக வருவதில்லை. யாராவது கூட்டிக்கொண்டு வருவார்கள். மகள் கையைப் பிடித்திருப்பாள், அல்லது மனைவி விறுவிறுவென்று முன்னால் வர, கணவர் நாலடி பின்னால் ஜன்னலை வேடிக்கை பார்ப்பதுபோல் வருவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "எனக்கு நல்லாத்தான் கேக்குது. இவங்கதான் வாய்க்குள்ளயே பேசுறாங்க." முன்மேசையில் உட்கார்ந்து இதைப் பதினோரு வருடமாகக் கேட்கிறேன். இப்போதெல்லாம் அவர்கள் வாயைத் திறக்கும்போதே நான் சீட்டில் பெயரை எழுத ஆரம்பித்துவிடுவேன்.

கடை என் அண்ணியுடையது. அவருடைய படிப்புக்கு ஆடியாலஜிஸ்ட் என்று பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் தெருவில் எல்லோரும் 'காது மேடம்' என்கிறார்கள். காதைச் சோதித்து, பொருத்தமான காது மெஷினைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரில் அதை அந்தக் காதுக்குத் தக்கபடி அமைத்து, ஆள் அதற்குப் பழகும்வரை விடாமல் துரத்துவது அவர் வேலை. துரத்துவதில் பாதி என் வேலை. போன் போட்டு, "மெஷின் காதுல இருக்கா, அலமாரில இருக்கா?" என்று கேட்க வேண்டும். "காதுலதான் இருக்கு" என்று சொல்கிறவர்களில் சிலர் நான் கேட்ட கேள்வியையே மூன்று முறை திரும்பச் சொல்ல வைப்பார்கள். அவர்களுக்கு அடுத்த நாளே நேரம் குறித்துவிடுவேன்.

கடைசி அறைதான் கடையின் உயிர். குளியலறை அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சு, சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல், இரண்டு ஸ்பீக்கர். கதவைச் சாத்தினால் நாம் எச்சில் விழுங்கும் சத்தம் நமக்கே கேட்கும். அங்கே ஒரு பலகையில் ஆறு சிடிக்கள் வரிசையாக இருக்கும். ஆறும் ஜாஸ் கிட்டார். மெஷின் வாங்கிய ஒவ்வொருவருக்கும் பேட்டரி, சுத்தம் செய்யும் பிரஷ் இவற்றோடு ஒரு பாதித் தாள் கொடுப்போம். அதில் ஆறு ஆல்பங்களின் பெயர் இருக்கும். வாரத்துக்கு ஒன்று, தினமும் ஒரு மணி நேரம், வரிசை மாறக் கூடாது. மருந்துச் சீட்டைப்போல அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். தெருமுனை மருந்துக்கடையில் ஒருவர் உண்மையிலேயே அதை நீட்டி, "ரெண்டாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"மேடம், நமக்குத் தெரிஞ்ச பாட்டாக் கொடுக்கக் கூடாதா? இது என்னமோ கிட்டாரைச் சரி பண்ணிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கே" என்று கேட்காதவர் கிடையாது. அண்ணிக்கு அதற்கு ஒரு பதில் உண்டு.

"தெரிஞ்ச பாட்டுன்னா பாதியை ஞாபகமே பாடிடும். காது சும்மா உட்கார்ந்திருக்கும். அதுவும் வார்த்தை இருந்தா, ஐயோ புரியலையேன்னு கோபம் வரும். கோபம் வந்தா மெஷின் அலமாரிக்குப் போயிடும். இதுல வார்த்தையே கிடையாது. புரிஞ்சுச்சான்னு யாரும் உங்களைக் கேக்கப் போறதில்லை. கிட்டார்ல ஒவ்வொரு சத்தமும் தனியாப் பொறந்து தனியா அடங்கும். எது எப்ப வந்துச்சு, எது எப்ப போச்சுன்னு காது திரும்பக் கத்துக்கும். அவ்வளவுதான்."

இந்த ஞானம் அவருக்குப் போதிமரத்தடியில் கிடைக்கவில்லை. படிக்கும் காலத்தில் அவர்களுடைய சோதனைக்கூடத்தில் ஸ்பீக்கரைச் சரிபார்க்க ஒரே ஒரு சிடிதான் இருந்ததாம். யாரோ விட்டுப்போன ஜாஸ் கிட்டார். நாலு வருடம் அதையே இருநூறு தடவை கேட்டிருக்கிறார். முதல் ஐம்பது தடவை தலைவலி, அடுத்த ஐம்பது பழக்கம், அதற்கப்புறம் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்பார். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவர் மனசு நிறைந்து கேட்ட இசை இது ஒன்றுதான்.

ஆறு ஆல்பத்துக்கும் அட்டையில் பெயர் இருக்கிறது. ஆனால் கடையில் அவற்றுக்கு எங்கள் பெயர்தான். முதலாவது 'நாற்காலி'. அட்டையில் ஒரு மஞ்சள் நாற்காலி மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். உள்ளே ஒரே ஒருத்தர், ஒரே ஒரு கிட்டார். அவசரமே கிடையாது. ஒரு சத்தத்தை எழுப்பிவிட்டு அது போகிற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவார். புதிதாக மெஷின் வைத்தவருக்கு உலகமே தட்டுமுட்டுச் சாமானாகக் கொட்டும். செருப்புச் சத்தம், பேப்பர் சத்தம், பக்கத்து வீட்டுக் குழாய் எல்லாம் ஒன்றாக வரும். அவர்களுக்கு முதல் வாரம் இந்த மனிதர்தான் துணை.

இரண்டாவதில் கிட்டாரோடு பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் அடிக்குரலில் சேரும். பின்னால் ஒருத்தர் மாடிப்படி ஏறி இறங்குவதுபோலவே இருக்கும். அதனால் அதற்குப் 'படிக்கட்டு' என்று பெயர். மூன்றாவதற்கு நான் அப்புறம் வருகிறேன், கதையே அதில்தான். நாலாவது 'ஹோட்டல்': சாப்பாட்டுக்கூடம் ஒன்றில் ஆட்கள் நடுவில் பதிவு செய்தது. கிளாஸ் உரசும், யாரோ இருமுவார், ஒரு பெண் நடுவில் சிரிப்பாள். இத்தனைக்கும் நடுவில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அதைப் பிடிக்கக் கற்றவர் விருந்தில் பேரக்குழந்தையின் பேச்சையும் பிடித்துவிடுவார் என்பது அண்ணியின் கணக்கு. நான் பார்த்தவரை அந்தக் கணக்கு தப்பியதில்லை. ஐந்தாவதில் கிட்டாரும் ஆர்கனும் பின்னிக்கொண்டு கிடக்கும், எனக்கு இன்றுவரை எது எதுவென்று தெரியாது. ஆறாவது ஓட்டப்பந்தயம். கேட்டு வாங்கினால்தான் கொடுப்போம்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே என்று என்னை ரசிகன் என்று எண்ண வேண்டாம். பதினோரு வருடம் கதவிடுக்கில் கசிந்து வந்ததைக் கேட்டால் கல்லும் கரையும். நான் கரைந்த கல், அவ்வளவுதான்.

இனி மூன்றாவது. அதற்குப் பெயர் வைத்தது என் அண்ணன். அவனுக்கு லேத் பட்டறை. இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து ஷாஃப்ட், புஷ் என்று பம்புகளுக்கு உதிரிபாகம் செய்கிறவன். (அண்ணியை 'அவர்' என்றும் அண்ணனை 'அவன்' என்றும் எழுதுகிறேன். சம்பளம் தருகிறவருக்குத் தனி மரியாதை உண்டு.) அந்த மூன்றாவது ஆல்பத்தில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் வரும். டிரம்ஸ்காரர் பக்கத்திலிருக்கும் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டைக் குச்சியால் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்: டிங், டிங்கடிங், டிங். மேலே மெல்லிசாக ஒரு 'ஸ்ஸ்' ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணி அதை அவ்வளவு விரும்புவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அதைப் போட்டதும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் தகரத்தோடதான் மல்லுக்கட்டுறேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் தகரமா?" என்றானாம். அன்றிலிருந்து அது 'தகரம்'. இருபத்திரண்டு வருடம் அண்ணி அதைத் தனியாகத்தான் கேட்டார். மாலை ஏழு மணிக்கு அவர் சிடியைப் போட்டால் அண்ணன் டிவியைத் தூக்கிக்கொண்டு போகாத குறையாக அடுத்த அறைக்கு ஓடுவான். நான் மாடி அறையில் குடியிருக்கிறேன், ராத்திரிச் சமையல் என் பொறுப்பு, அதனால் இந்த ஓட்டத்துக்கு நான் கண்கண்ட சாட்சி.

போன வருடம் அவர்கள் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதற்குச் சில மாதம் கழித்து ஒருநாள் அண்ணி 'தகரம்' போட்டிருக்கிறார், அண்ணன் டீ கிளாஸோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஏதோ சாமானைத் தேட வந்தவன் என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்கவே இல்லை. கடைசிவரை இருந்தான். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. மெத்துன்னு இருக்கு, பஞ்சு மாதிரி" என்றான்.

அண்ணியின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்தால்கூட அவர் அப்படிப் பூரித்திருக்க மாட்டார். மறுநாளும் ஏழு மணிக்கு அண்ணன் வந்தான். அதற்கு மறுநாளும். ஆறு மாதம் ஒரு நாள் தவறவில்லை. இருவரும் பேச மாட்டார்கள். பாட்டு ஓடும்போது அண்ணி வாயைத் திறக்க மாட்டார், பிறரையும் திறக்க விட மாட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். கடையில் அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரச் சீட்டோடு முனகிக்கொண்டு வருகிற எல்லோரிடமும், "பொறுமையாக் கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரசனை வர இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஆனா வந்துச்சு பாருங்க" என்பார். நானும் என் பங்குக்கு, "ஆமாங்க, நானே சாட்சி" என்பேன். ஊருக்கெல்லாம் காது பார்க்கிற கடையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இப்படித்தான் ஆறு மாதம் கதை அளந்தோம். விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

குட்டு ஒரு பேக்கரிக்காரரால் உடைந்தது. தங்கமான மனிதர், மூன்றாவது வாரத்தில் இருந்தார். உள்ளே வரும்போதே கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், எல்லாரும் அந்த மூணாவதைத் திட்டுறாங்க. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. இதமா இருக்கு. பஞ்சு மாதிரி."

அண்ணி சந்தோஷப்படவில்லை. "மெஷினைக் கழட்டுங்க பாக்கலாம்" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தால், சத்தம் வெளியே வருகிற முனையில் காதழுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி அடைத்தால் முதலில் செத்துப்போவது மேல்சத்தங்கள்தான். அடிச்சத்தம் மட்டும் மொத்தையாகப் போய்ச் சேரும். அண்ணி முனையை மாற்றி, அவரை உள்ளே உட்காரவைத்து 'தகரம்' போட்டார். நாலு விநாடிகூட ஆகியிருக்காது, பேக்கரிக்காரர் கையை உயர்த்தினார்.

"மேடம், இது வேற பாட்டு."

"இதேதான்."

"என்ன மேடம் இது, எண்ணெய்ச் சட்டில தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு."

"இப்பத்தான் உங்களுக்குச் சரியாக் கேக்குது" என்று சொல்லிவிட்டு அண்ணி வெளியே வந்தார். என் மேசைக்கு எதிரில் நின்றார்.

"தம்பி, உங்க அண்ணன் அன்னைக்கு என்ன சொன்னாரு? முதல் நாள், பாட்டு முடிஞ்சதும்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "மெத்துன்னு இருக்கு, பஞ்சு மா..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்தினேன்.

அண்ணி வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இருபத்தஞ்சு வருஷமா பட்டறைச் சத்தம். எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? ரசனை வந்துருச்சு, ரசனை வந்துருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. அந்த மனுஷனுக்குத் தகரம் கேக்கலை. அதான் பிடிச்சிருக்கு."

அன்று மாலையே சோதனை தொடங்கிவிட்டது. அண்ணன் பேப்பர் படிக்கும்போது அண்ணி பின்னால் நின்று மெதுவாக, "சம்பளம்" என்றார். அவன் திரும்பவில்லை. "சொத்து" என்றார். பேப்பரைத் திருப்பினான். "உங்க தம்பிக்குப் பொண்ணு பார்த்தாச்சு" என்றார். பிறந்ததிலிருந்து என்மேல் அக்கறையுள்ள அண்ணன் அதற்கும் அசையவில்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. குரல் வருகிறது என்பது தெரிந்ததும் நிமிர்ந்து, "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்தான்.

சமையலறைக்கு வந்து அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டார். நான் சொன்னேன்: "இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணி? கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் பண்ணுங்க, மெஷினை வைங்க. தினமும் பத்துப் பேருக்குப் பண்றதுதானே."

"பண்ணலாம். வச்ச அன்னைக்கே அவருக்குத் தகரம் கேக்கும். கேட்டா பிடிக்காது. பிடிக்கலைன்னா ஏழு மணிக்கு அந்த ரூமுக்குப் போயிடுவாரு." கொஞ்சம் நிறுத்தி, "பொண்ணு போனதுக்கப்புறம் எனக்குன்னு ஒரு நாள்ல கிடைச்சது அந்த ஒரு மணி நேரம்தான் தம்பி" என்றார்.

"அப்ப வைக்காம விட்டுடுங்க" என்றேன், வாய்க்கொழுப்பு. அவர் பார்த்த பார்வையில் கையிலிருந்த கரண்டி தானாகக் கீழே வந்தது.

மூன்று நாள் அப்படியும் இப்படியுமாக ஓடியது. அந்த மூன்று மாலையும் ஏழு மணிக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அண்ணி பாட்டைக் கேட்கவே இல்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கொஞ்சம் பொய் சொல்லித்தான் அவனைக் கடைக்கு வரவழைத்தார்: "மெஷினைச் சரிபார்க்க நல்ல காது ஒண்ணு வேணும், வந்துட்டுப் போங்க." நல்ல காது என்றதும் பட்டறையைப் பாதியில் விட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான் மகராசன்.

உள்ளே உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தோம். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அண்ணன் திருட்டுத்தனமாக ஜன்னல் வழியே அண்ணியின் கையைப் பார்த்துப் பார்த்து அமுக்கினான். அந்த வித்தையை எத்தனையோ பேரிடம் பார்த்தவர் அண்ணி. உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் பட்டன் வெகுநேரம் அமுங்கவே இல்லை. நான் வெளியில் நின்று, அமுக்குடா, அமுக்குடா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

எந்தச் சத்தம் எவ்வளவு கேட்டது என்று கோடாக வரைந்த தாளை அண்ணி மேசையில் வைத்தார். மருத்துவ விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தினமும் வரைபடம் பார்த்து இரும்பு வெட்டுகிறவன் அவன். விரலை வைத்துக்கொண்டே போனான்.

"நேரா வருது. இங்க என்ன, ஒரு பள்ளம் விழுந்திருக்கு?"

"நாலாயிரம். மேல்சத்தம்."

"எவ்வளவு ஆழம்?"

"அறுபது."

அண்ணன் அந்தப் பள்ளத்தின் மேலேயே விரலை வைத்திருந்தான். பட்டறையில் ஆட்கள் சிரிப்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள் என்று அடம் பிடிப்பான், நாமும் வழக்கமான பல்லவியைப் பாட வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவன், "கட்டிங் டூல் மொண்ணையானா கிறீச்சுன்னு ஒரு சத்தம் போடும். இப்பல்லாம் போடுறதே இல்ல. நல்ல டூல் வந்துருச்சு போலன்னு நினைச்சேன். ரெண்டு ஷாஃப்ட் வீணாப்போச்சு" என்றான். அப்புறம், "சரி, வை" என்றான். அவ்வளவுதான். இரண்டு பேரும் எவ்வளவு எளிதாக ஏமாந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தர் நல்ல ரசனை வந்துவிட்டது என்று நம்பினார், இன்னொருத்தன் நல்ல டூல் வந்துவிட்டது என்று நம்பினான்.

அடுத்த வாரம் மெஷின் வந்தது. ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் ஒரு பயறு அளவுதான் தெரியும். பேச்சுக்கு ஒரு அமைப்பு, இசைக்குத் தனியாக ஒரு அமைப்பு வைத்தார் அண்ணி. இல்லாவிட்டால் கிட்டாரின் நீண்ட சத்தத்தைத் தன்னிடமிருந்து சில சமயம் எழும் கீச்சுச் சத்தம் என்று நினைத்து மெஷினே அமுக்கிவிடும். வழக்கப்படி 'நாற்காலி'யிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் 'தகரத்தை' எடுத்தார். ஒளித்து வைத்து நாளைக் கடத்துவதைவிட இன்றைக்கே தெரிந்துவிடட்டும் என்று நினைத்திருப்பார்.

டிங், டிங்கடிங், டிங்.

அண்ணனின் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல் ஆயிற்று. "நிறுத்து, நிறுத்து. இது அந்தப் பழைய தகரம்ல?"

"ஆமாங்க."

"இதையா ஆறு மாசமா உட்கார்ந்து கேட்டேன்?"

"இதையேதான்."

"கடவுளே" என்றான். அண்ணி சிரித்தார். மெஷின் சரியாக வேலை செய்கிறது, அறுபது டெசிபல் பள்ளம் தூர்ந்துவிட்டது, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சுளித்த அதே முகம் திரும்பிவிட்டது. அவர் தொழிலில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் ரொம்ப நேரம் துடைத்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, யாரும் அடிக்காத போனை எடுத்து ஹலோ சொன்னேன்.

அன்று மாலை ஏழு மணி ஆயிற்று. அண்ணி சிடியைப் போடவில்லை. கூடத்தில் காய்ந்த துணிகளைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் காதுக்கடைக்காரனிடம் போய்க் காதைப் பொத்திக்கொள் என்று சொன்னால் எப்படி?

அண்ணன் வந்தான். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்ன, இன்னைக்கு இல்லையா?"

"உங்களுக்குத்தான் பிடிக்கலையே."

"பிடிக்கலைதான்."

"அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க? போய் டிவி பாருங்க. எனக்காகக் கஷ்டப்பட வேணாம்."

அண்ணன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "உனக்காக இல்லம்மா. ரெண்டு வருஷமாவே நீ பேசுறதுல பாதிதான் எனக்குக் கேட்டுச்சு. எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரலை. சாப்பிடும்போது, வண்டில போகும்போது, எல்லா நேரமும் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். எங்க மாட்டிக்குவேனோன்னு பயமாவே இருக்கும். இந்தப் பாட்டு ஓடுற நேரம்தான் நீ பேச மாட்ட. நானும் பதில் சொல்ல வேண்டியதில்ல. உன் பக்கத்துல பயமில்லாம உட்கார்றதுக்கு வேற இடம் இல்ல."

என் கத்தி நின்றுவிட்டது. அண்ணி மடித்த துணியை எடுத்து மறுபடி பிரித்தார்.

"பாதின்னா எந்தப் பாதி?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தலையாட்டப் போறேன்?"

அண்ணி அந்தத் துணியைத் திரும்ப மடித்தார். "பொண்ணு ஊருக்குப் போன மறுவாரம், இந்த ஜன்னல்கிட்ட நின்னு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்ன?"

"நான் சொன்னதை விடுங்க. நீங்க, 'சரி, நாளைக்கு வாங்கிட்டு வரேன்'னு சொன்னீங்க. மறுநாள் ஒரு டஜன் முட்டை வாங்கிட்டு வந்தீங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனும் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. நாற்காலியைத் தூக்கிவந்து, துணிக்குவியலுக்கு இந்தப் பக்கம், அண்ணிக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லு. என்ன சொன்ன?"

"பழைய கதைங்க. விடுங்க."

"சொல்லு."

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. காது கேளாதவர்களிடம் தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகியவர், அன்றைக்குத் துணியைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே பேசினார். "நீங்க வீட்டுல இருந்தும் தனியா இருக்கிற மாதிரியே இருக்குங்கன்னு சொன்னேன்."

அண்ணன் தலையாட்டவில்லை.

"அதுக்குப் போய் முட்டை வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றான்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அண்ணன் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துத் தப்பும் தவறுமாக மடிக்க ஆரம்பித்தான்.

"வேற என்னென்ன சொன்ன?" என்றான். "முதல்ல இருந்து சொல்லு."